தி பிரின்சஸ் பிரைட்: பேரைப் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள்

இந்தப் படத்துக்கு முதல் வில்லன் அதன் பெயர்தான். 'தி பிரின்சஸ் பிரைட்' என்று சொன்னதுமே பாதிப் பேர் "சின்னப் பெண்கள் பார்க்கிற கார்ட்டூனா?" என்று கேட்டுவிட்டு அடுத்த படத்துக்குத் தாவிவிடுகிறார்கள். கார்ட்டூன் இல்லை. வாள் சண்டை, கடல் கொள்ளைக்காரன், விஷம், பழிவாங்கல், சித்திரவதைக் கூடம், மலை மாதிரி ஒரு மனுஷன், செத்தவனை எழுப்புகிற வைத்தியர் என்று எல்லாம் இருக்கிற படம், நடுவில் கொஞ்சம் காதலும் உண்டு. 1987-ல் வெளியானபோது இதை என்னவென்று சொல்லி விற்பது என்று விளம்பரம் செய்தவர்களுக்கே பிடிபடவில்லை. காதல் படமா, குழந்தைகள் படமா, காமெடியா? விளைவு, சுமார் 1.6 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்கத் தியேட்டர்களில் சுமார் 3 கோடிக்கு ஓடி அடங்கிவிட்டது. அப்புறம் வீடியோ கேசட் வந்தது, வீட்டுக்கு வீடு பார்த்தார்கள், பார்த்தவர்கள் அடுத்தவரைப் பிடித்து உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். 2016-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதையும் சேர்த்துவிட்டது.

எனக்கு இந்தப் படம் ஏன் இவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ராஜா ராணி கதைகளைக் கிண்டல் செய்கிற படங்கள் நிறைய வந்துவிட்டன. பெரும்பாலும் அவை கதைக்கு வெளியே நின்றுகொண்டு "பாருங்கள் எவ்வளவு அசட்டுத்தனம்" என்று சிரிக்கும், பத்து நிமிடத்தில் நமக்கும் அந்தக் கதையில் யார் பிழைத்தால் என்ன, யார் செத்தால் என்ன என்று ஆகிவிடும். இது அப்படி இல்லை. கிண்டல் உண்டு, ஆனால் கதைக்குள் இருக்கிற யாருக்கும் தாங்கள் காமெடிப் படத்தில் இருப்பது தெரியாது. ஒவ்வொருத்தரும் உயிர் போகிற தீவிரத்தோடு நடந்துகொள்கிறார்கள். அதனால் நாமும் சிரித்துக்கொண்டே நகத்தையும் கடிக்கிறோம்.

கதையை ஓரளவு சொல்லித்தான் ஆகவேண்டும். காய்ச்சலில் படுத்திருக்கிறான் ஒரு பையன், கையில் வீடியோ கேம். தாத்தா வருகிறார், அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்காது என்று தெரிந்தும் கன்னத்தைக் கிள்ளுகிறார், பரிசு என்று ஒரு புத்தகத்தை நீட்டுகிறார். பையனின் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும். அவர் வாசிக்க வாசிக்க விரிவதுதான் மீதிப் படம்: ஃப்ளோரின் என்கிற நாட்டில் பட்டர்கப் என்று ஒரு பெண், அவள் பண்ணையில் வேலை பார்க்கும் வெஸ்ட்லி, இருவருக்கும் காதல். அவன் சம்பாதித்து வரக் கடல் தாண்டிப் போகிறான், கொள்ளைக்காரன் கையில் செத்துவிட்டான் என்று சேதி வருகிறது, ஐந்து வருடம் கழித்து அவளை இளவரசன் ஹம்பர்டிங்குக்கு நிச்சயம் செய்கிறார்கள், கல்யாணத்துக்கு முன்னால் மூன்று பேர் அவளைக் கடத்திக்கொண்டு போகிறார்கள், அவர்களை முகமூடி போட்ட ஒருவன் துரத்துகிறான். அவன் யார் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

தாத்தா பேரன் விஷயம் வெறும் அலங்காரம் இல்லை, படத்தின் மூளையே அதுதான். முத்தக் காட்சி வந்தால் பையன் "இது அந்த மாதிரிக் கதையா?" என்று முகத்தைச் சுளிக்கிறான். நமக்குத் தோன்றுகிற புகாரை எல்லாம் அவன் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறான், அதனால் நாம் புகார் சொல்வதை விட்டுவிட்டுக் கதை கேட்க ஆரம்பித்துவிடுகிறோம். பட்டர்கப் நடுக்கடலில் குதிக்கிறாள், கீச்சிடும் பெரிய விலாங்கு ஒன்று வாயைத் திறந்துகொண்டு வருகிறது, சரியாக அந்த இடத்தில் தாத்தா நிறுத்தி, "இப்போது அவளை அது தின்னாது, நீ பயந்த மாதிரி இருந்தது, அதான் சொன்னேன்" என்கிறார். பையனோ போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பயமெல்லாம் இல்லை, கொஞ்சம் கவலை, அவ்வளவுதான் என்கிறான். பீட்டர் ஃபாக்கும் ஃப்ரெட் சாவேஜும் ஒரே அறைக்குள், ஒரு கட்டிலும் நாற்காலியும் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இது. பின்னால் ஓர் இடத்தில் கதை போகிற போக்கு பிடிக்காமல், கெட்டவனை யார்தான் கொல்வார்கள் என்று அவன் கேட்க, யாரும் கொல்லவில்லை, அவன் பிழைத்துக்கொள்கிறான் என்று தாத்தா சொல்ல, பையனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே! ஏமாற்றிவிட்டதாகத் தாத்தாவிடமே சண்டைக்குப் போகிறான். கதை என்றால் நியாயம் கிடைத்தே ஆகவேண்டும் என்று நம்புகிற வயது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். மலை உச்சி.

கடத்தியவர்களில் ஒருவன் இனிகோ மொண்டோயா, ஸ்பெயின்காரன், வாள் வீரன். செங்குத்தான பாறையில் முகமூடிக்காரன் ஏறி வந்துகொண்டிருக்கிறான் (அயர்லாந்தின் மோஹர் பாறைகளில் எடுத்தது), அவன் மேலே வந்ததும் கொல்ல வேண்டியது இனிகோவின் வேலை. காத்திருந்து காத்திருந்து பொறுமை போய், மேலேயிருந்து எட்டிப் பார்த்து, கொஞ்சம் வேகமாக வரமுடியுமா என்று கேட்கிறான். கீழே தொங்குகிறவன், அவ்வளவு அவசரம் என்றால் ஒரு கயிறு போடலாமே என்கிறான். போடுகிறேன், ஆனால் நான் உன்னைக் கொல்லக் காத்திருப்பவன், என் உதவியை நீ ஏற்றுக்கொள்வாயா என்று இவனுக்குச் சங்கடம். கடைசியில் செத்துப்போன அப்பாவின் ஆன்மா மீது சத்தியம் செய்கிறான். அந்த ஒரு சத்தியத்தில் சிரிப்பு நின்று முகமே மாறிவிடுகிறது. சரி, கயிற்றைப் போடு என்கிறான் முகமூடிக்காரன்.

மேலே வந்ததும் சண்டை இல்லை. மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் உட்கார் என்கிறான் இனிகோ. முகமூடிக்காரன் பூட்ஸைக் கழற்றி உள்ளே இருக்கிற கல்லையும் மண்ணையும் கொட்டுகிறான். இனிகோ தன் கதையைச் சொல்கிறான், வலது கையில் ஆறு விரல் இருந்த ஒரு பிரபு, அவன் கேட்டபடி ஒரு வாளைச் செய்துகொடுத்த அப்பா, பேசிய விலையைத் தராமல் அவரைக் கொன்றது, பதினோரு வயதில் அவனோடு மோதித் தோற்று இரண்டு கன்னத்திலும் தழும்பு வாங்கியது. அப்பா செய்த வாளை எடுத்து முகமூடிக்காரனிடமே கொடுக்கிறான். கொல்லப்போகிறவன் கையில், வாளை! அவனும் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதற்கு ஈடாக ஒன்றைப் பார்த்ததில்லை என்று சொல்லி மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கிறான். நீ நல்லவனாகத் தெரிகிறாய், உன்னைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை என்கிறான் இவன், எனக்கும் சாக மனசு வரவில்லை என்கிறான் அவன். அப்புறம்தான் எழுந்து வாளை உருவுகிறார்கள்.

இதை எழுதிய வில்லியம் கோல்ட்மேனுக்குக் கோயில் கட்டலாம். எதிரிகள் இரண்டு பேர், ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் நண்பர்களாகிவிடுவார்கள் போலிருக்கிறது, ஆனாலும் சண்டை போட்டே ஆகவேண்டும். சண்டை ஆரம்பிக்கும்போது யார் ஜெயிக்கவேண்டும் என்று நமக்கே தெரியாத ஒரு நிலைமைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்.

சண்டையும் லேசுப்பட்டதில்லை. ஸ்டார் வார்ஸ் படங்களில் வேலை பார்த்த பாப் ஆண்டர்சனும் பீட்டர் டயமண்டும் கேரி எல்வெஸையும் (முகமூடிக்காரன்) மேண்டி பட்டின்கினையும் (இனிகோ) மாதக்கணக்கில் பழக்கியிருக்கிறார்கள், இரண்டு கையாலும். குட்டிக்கரணம் போடுகிற இடங்களைத் தவிர மீதியெல்லாம் நடிகர்களே. இன்றைய படங்களில் வாள் சண்டை என்றால் நொடிக்கு ஒரு வெட்டு வெட்டி, கேமராவை உலுக்கி, யார் யாரைக் குத்தினார் என்பதையே காட்டமாட்டார்கள். இதில் இருவரும் தலை முதல் கால் வரை தெரிகிறார்கள், ஒவ்வொரு அடியும் தெரிகிறது, நடுநடுவே வாள்வித்தைத் தியரி பேசுவதுபோல் போனெட்டி, காப்போ ஃபெர்ரோ, திபோ, அக்ரிப்பா என்று பெயர்கள் வேறு. அத்தனையும் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நிஜமாகவே இருந்த வாள் ஆசான்களின் பெயர்கள். தோற்கப்போகிற நேரத்தில் இனிகோ சிரிக்கிறான், ஏன் என்றால் தான் இடது கைக்காரன் இல்லையாம், இவ்வளவு நேரம் சும்மா இடது கையில் சண்டை போட்டானாம். கை மாற்றி அடித்து முன்னேறுகிறான். கொஞ்ச நேரத்தில் மற்றவனும் சிரித்துக்கொண்டு, எனக்கும் இது வலது கை இல்லையே என்கிறான். கடைசியில் ஜெயித்தவன் தோற்றவனைக் கொல்வதில்லை, இப்படி ஒரு கலைஞனை அழிக்க மனமில்லை என்று சொல்லி, பின்னால் ஓடிவராதபடி மண்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறான்.

அடுத்தவன் ஃபெசிக், மல்யுத்த வீரர் ஆந்த்ரே தி ஜயன்ட். இவரைத் தவிர வேறு யாரையும் அந்த வேடத்தில் யோசிக்கவே முடியாது. பேச்சு பல இடங்களில் புரியாது, வசனத்தை டேப்பில் பதிந்து கொடுத்துத்தான் பழக்கினார்களாம், ஆனால் அந்தச் சிரிப்புக்கு முன்னால் உச்சரிப்பு யாருக்கு வேண்டும். பாறையை ஒளிந்திருந்து எறியச் சொல்லி உத்தரவு, இவருக்கோ அது ஆண்மையாகப் படவில்லை, அதனால் வேண்டுமென்றே குறி தவறவிட்டு, வா, நேருக்கு நேர் மோதலாம் என்று கூப்பிடுகிறார். படத்தில் மகா பலசாலியாக வருகிற இந்த மனுஷனுக்கு அப்போது முதுகில் அவ்வளவு பிரச்சினை, கடைசியில் பட்டர்கப்பைக் கையில் தாங்குகிற காட்சியில் அந்தப் பெண்ணைக் கம்பியில் தொங்கவிட்டுத்தான் எடுத்தார்கள். அது தெரிந்த பிறகு அவர் கையில் எதைத் தூக்கினாலும் எனக்குப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

மூன்றாவது ஆள் விசினி. குள்ளமான, வழுக்கைத் தலை, உலகத்திலேயே தனக்குத்தான் மூளை என்று நினைக்கிற ஆள், வாலஸ் ஷான். பாறை மேல் துணி விரித்து, பாலாடைக்கட்டி, ஆப்பிள், இரண்டு கோப்பை மது. பக்கத்தில் கண்ணைக் கட்டிய பட்டர்கப், அவள் கழுத்தில் கத்தி. வெஸ்ட்லி விஷத்தோடு இரண்டு கோப்பையையும் முதுகுப் பக்கம் கொண்டுபோய்த் திரும்ப வைக்கிறான், எதில் விஷம் என்று கண்டுபிடி, இருவரும் குடிப்போம், யார் பிழைக்கிறார் பார்ப்போம் என்கிறான். விசினி தர்க்கம் பண்ண ஆரம்பிக்கிறான். புத்திசாலி விஷத்தைத் தன் கோப்பையில்தான் போடுவான், நான் முட்டாள் இல்லை, அதனால் உன் முன்னால் இருப்பதை எடுக்கமாட்டேன், ஆனால் நான் முட்டாள் இல்லை என்று உனக்கும் தெரியும், அதனால் என் முன்னால் இருப்பதையும் எடுக்கமாட்டேன்... இப்படி ஆஸ்திரேலியா, குற்றவாளிகள் என்று எங்கெங்கோ சுற்றி எந்த முடிவுக்கும் வராமலே ஜெயித்துவிட்ட மாதிரி பேசிக்கொண்டே போகிறான். அப்புறம் "அதோ பார், அது என்ன?" என்று கையைக் காட்டிவிட்டுக் கோப்பையை மாற்றுகிறான். அவ்வளவு மூளைக்குக் கடைசியில் இந்தத் தந்திரம்தான் கிடைத்தது. குடித்துவிட்டு ஏமாற்றிவிட்டேன் என்று சிரிக்கிறான், சிரிக்கிறான், சிரித்துக்கொண்டே இருக்கும்போதே அப்படியே பக்கவாட்டில் சாய்கிறான். முகத்தில் சிரிப்பு மாறவில்லை, ஆள் இல்லை. இரண்டு கோப்பையிலும் விஷம்தான், வெஸ்ட்லி வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு உடம்பைப் பழக்கியிருந்தான்! வசனத்தாலேயே ஒரு சண்டைக்காட்சி எடுக்கமுடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை. தன்னைத் தூக்கிவிட்டு வேறு நடிகரைப் போட்டுவிடுவார்கள் என்று ஷான் படப்பிடிப்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தாராம், பார்த்தால் நம்பவே முடியாது.

நெருப்புச் சதுப்பு நிலத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். அங்கே இருக்கிற பூதாகாரமான எலிகளைப் பற்றி பட்டர்கப் கேட்க, அப்படி எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை என்று வெஸ்ட்லி சொல்லி முடிக்கும் முன்பே ஒன்று அவன் மேல் பாய்கிறது. ரப்பர் தோலுக்குள் ஆள் இருப்பது பச்சையாகத் தெரியும். எனக்கு அது குறையே இல்லை. அந்த இடத்தைத் தாண்டியதும் ரூகன் பிரபு (இனிகோ தேடுகிற ஆறு விரல்காரன் இவன்தான்) வாளின் கைப்பிடியால் வெஸ்ட்லியின் தலையில் அடிப்பார், அது நிஜமாகவே பலமாக விழுந்து எல்வெஸ் மயங்கிவிட்டார், படத்தில் இருப்பது அந்த ஷாட்தான்.

பில்லி கிறிஸ்டலும் கேரல் கேனும் வருகிற சில நிமிடம் தனிப் படம். வேலையிலிருந்து துரத்தப்பட்ட கிழட்டு வைத்தியர், அவரைவிடச் சத்தமாகக் கத்துகிற மனைவி. சித்திரவதையில் உயிர்போன வெஸ்ட்லியை இனிகோவும் ஃபெசிக்கும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், வைத்தியர் பார்த்துவிட்டு, முழுதாகச் சாகவில்லை, பெரும்பாலும்தான் செத்திருக்கிறான் என்கிறார். கிறிஸ்டல் பேசியதில் நிறைய அந்த நேரத்தில் அவராகவே எடுத்துவிட்டது. பட்டின்கின் சிரிப்பை அடக்கி அடக்கி விலா எலும்பில் அடிபட்டதுதான் மிச்சம். படப்பிடிப்பு மொத்தத்திலும் தனக்குப் பட்ட ஒரே காயம் அது என்று அவரே சொல்லியிருக்கிறார், இத்தனை வாள் சண்டைக்கு நடுவில்.

இப்போது குறைகள். முதல் குறை, பட்டர்கப். ராபின் ரைட் நன்றாகவே செய்திருக்கிறார், ஆனால் அவருக்குக் கொடுத்த வேலை என்ன? கடத்தப்படுவது, காப்பாற்றப்படுவது, மறுபடி மாட்டிக்கொள்வது. கடலில் குதிக்கிறாள், வெஸ்ட்லியின் உயிருக்காகத் தன்னைப் பணயம் வைக்கிறாள், அதெல்லாம் சரி, ஆனால் அவன் எலியோடு கட்டிப்புரளும்போது கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு நிற்கிறாளே, எனக்கு ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் நாமே அடித்துவிடலாமா என்று இருக்கும். மற்ற எல்லோருக்கும் இவ்வளவு நல்ல வசனம் எழுதியவர் இவளுக்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ணிவிட்டார். இரண்டாவது, இசை. மார்க் நாஃப்ளர் பெரிய கலைஞர், கிதார் மட்டும் வருகிற இடங்கள் அருமை, கடைசியில் வருகிற பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஆனால் சாகசக் காட்சிகளில் வருகிற சிந்தசைசர் ஓசை, குதிரையும் கோட்டையுமாக இருக்கிற இடத்தில் 1987 என்று முத்திரை குத்திவிடுகிறது. சித்திரவதைக் கூடத்துப் பகுதியும் கொஞ்சம் நீளம், அங்கே படம் சிரிப்பதையே மறந்துவிடுகிறது.

இதையெல்லாம் மன்னிக்க வைப்பது இனிகோதான். கடைசியில் ஆறு விரல்காரனைக் கண்டுபிடிக்கிறான், துரத்துகிறான். அவ்வளவு பயிற்சி எடுத்தவன், இருபது வருடம் காத்திருந்தவன், நேரில் பார்த்த உடனே வயிற்றில் ஒரு கத்தி வாங்கிச் சுவரோடு சரிகிறான். "மன்னித்துவிடுங்கள் அப்பா" என்கிறான். அப்புறம் எழுகிறான். காயத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, காலம் காலமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த அந்த வாக்கியத்தைச் சொல்கிறான்: என் பெயர் இனிகோ மொண்டோயா, என் அப்பாவைக் கொன்றது நீ, சாகத் தயாராகு. முதலில் முனகலாக, அப்புறம் கொஞ்சம் தெளிவாக, அப்புறம் இன்னும் சத்தமாக, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு அடி முன்னால். படம் முழுக்கச் சிரிப்புக்காகவே வந்த வாக்கியம் அது. நிறுத்து என்று ரூகன் கத்துகிறான், இவன் நிறுத்துவதாக இல்லை. தனக்கு விழுந்த அதே இரண்டு கன்னக் கோடுகளை அவனுக்கும் போட்டுவிட்டு, பணம் தருவேன் என்று சொல், அதிகாரம் தருவேன் என்று சொல் என்று கேட்கிறான். எல்லாம் தருகிறேன், என்ன வேண்டும் என்கிறான் ரூகன். அப்பாவைத் திருப்பிக் கொடு என்கிறான். பட்டின்கினின் அப்பா புற்றுநோயில் போனவர். அந்தக் காட்சியில் தன் எதிரில் நின்றது அந்த நோய்தான் என்று நினைத்து வாளை வீசியதாக அவர் பிற்பாடு சொன்னார். அது தெரியாமல் பார்த்தபோதே எனக்குத் தொண்டை அடைத்தது.

அத்தோடும் விடவில்லை. எல்லாம் முடிந்து தப்பிக்கிற நேரத்தில், பழிவாங்குவதையே இத்தனை காலம் தொழிலாக வைத்திருந்துவிட்டேன், இனி மிச்ச வாழ்க்கையை என்ன செய்வது என்று தெரியவில்லை என்று சொல்கிறான். எத்தனை பழிவாங்கும் படம் பார்த்திருப்போம், எந்த ஹீரோவாவது மறுநாள் காலையைப் பற்றி யோசித்ததுண்டா? வெஸ்ட்லி கொஞ்சமும் அசராமல், கடல் கொள்ளையை யோசித்துப் பார்த்ததுண்டா, நீ நன்றாகச் செய்வாய் என்று வேலை போட்டுக் கொடுக்கிறான்.

கோல்ட்மேன் இதை முதலில் நாவலாக எழுதியது 1973-ல், மகள்களிடம் என்ன கதை வேண்டும் என்று கேட்டபோது ஒருத்தி இளவரசி என்றாளாம், இன்னொருத்தி மணப்பெண் என்றாளாம். அதற்கப்புறம் பத்து வருடத்துக்கு மேல் பலர் படமாக்கப் பார்த்துக் கைவிட்டார்கள். இயக்குநர் ராப் ரெய்னர் கையில் வந்ததுதான் அதிர்ஷ்டம். இன்னொருவர் எடுத்திருந்தால் காமெடியைக் கூட்டிக் கதையைக் கொன்றிருப்பார்கள், இல்லாவிட்டால் பிரம்மாண்டம் என்று சொல்லிக் காமெடியைக் கொன்றிருப்பார்கள்.

98 நிமிடம்தான், ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், ஃபெசிக்குக்காகவும் கல்யாணம் செய்துவைக்கிற பாதிரியாருக்காகவும் (பீட்டர் குக், நாக்கு புரளாமல் அவர் படுத்துகிற பாடு). முதல் பத்து நிமிடம் பண்ணை, காதல், பெருமூச்சு என்று கொஞ்சம் இழுக்கும், அப்போது போனை எடுத்துவிடாதீர்கள், படகு வந்ததும் வேகம் பிடித்துவிடும். குழந்தைகளோடு தாராளமாகப் பார்க்கலாம், ரொம்பச் சின்னவர்கள் இருந்தால் எலியும் சித்திரவதை இயந்திரமும் வருகிற இடங்களில் ரிமோட் உங்கள் கையிலேயே இருக்கட்டும். பார்த்து முடித்த மறுநாளே குச்சியை எடுத்துக்கொண்டு இனிகோ ஆகிவிடுவார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.